காது கேட்கிற குட்டி

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நான் வாசலில் நாயைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். மில்லர்புரத்தில் எங்கள் தெரு ஞாயிறன்று தாமதமாகத்தான் கண் விழிக்கும். அதனால் கேட்டுக்கு வெளியே ஒரு சைக்கிள் வந்து நின்றதும் உடனே நிமிர்ந்து பார்த்தேன். ஐம்பது வயது இருக்கும் ஒருவர், கறுத்த ஒல்லியான உடம்பு, சலவை செய்த வெள்ளைச் சட்டை. சைக்கிள் கேரியரில் ஒரு பிளாஸ்டிக் மீன் பெட்டியைக் கட்டியிருந்தார். பெட்டிக்குள் பழைய சேலை ஒன்று நாலாக மடித்து விரித்திருந்தது.

அவர் கையிலிருந்த செல்போனைப் பார்த்தார், எங்கள் கேட்டைப் பார்த்தார், சோப்பு நுரையோடு நின்ற நாயைப் பார்த்தார். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"இந்த வீடுதான்! நங்கூரம் வச்ச நீலக் கேட்டு! தாய் இந்தா நிக்குது! குட்டி எங்கன இருக்கு?" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.

"எந்தக் குட்டி அண்ணாச்சி? யாரு நீங்க?" என்றேன்.

அவர் ஒரு விரலால் காதைத் தொட்டுக் கையை ஆட்டினார். "கேக்காது. எழுதிக் காட்டுங்க யம்மா." செல்போனை கேட்டுக் கம்பி வழியாக நீட்டினார்.

அதில் என் நாய் இருந்தது. எங்கள் வாசலில், எங்கள் நீல கேட்டின் ஓரத்தில், ஆறு குட்டிகளோடு படுத்திருந்தது. அடுத்த படத்தில் ஒரு குட்டி என் கணவரின் ரப்பர் செருப்புக்குள் தலையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. நான்கு காலிலும் வெள்ளை, உடம்பெல்லாம் பழுப்பு. இரண்டு வருடத்துக்கு முன் நானே எடுத்த படங்கள். நாய் வளர்ப்பவர்களுக்கென்று இணையத்தில் இருக்கும் ஒரு குழுவில் சந்தோஷமாகப் போட்டுவைத்திருந்தேன். யாரோ அதை எடுத்து, 'எங்கள் வீட்டுக் குட்டி, மில்லர்புரம், ஒரே ஒரு குட்டிதான் மீதி' என்று எழுதி இவரிடம் முன்பணம் வாங்கியிருக்கிறார்கள். வீடு தேடி வந்து தருவதாகச் சொல்லிப் பத்து நாளாகியும் வரவில்லை. படத்திலிருந்த கேட்டைத் தேடி இவர் இரண்டு சாயங்காலம் மில்லர்புரம் முழுக்க சைக்கிளில் சுற்றியிருக்கிறார். மூன்றாவதாக அன்று காலை கண்டுபிடித்துவிட்டார்.

கையைத் துடைத்துக்கொண்டு அவர் போனிலேயே எழுதினேன். 'நாய் என்னுடையதுதான். படமும் நான் எடுத்ததுதான். ஆனால் அது பழைய படம். இப்போது குட்டி இல்லை. உங்களிடம் பணம் வாங்கினது நான் இல்லை.'

இரண்டு முறை படித்தார். முகம் இறுகியது.

"பொய் சொல்லாதிய. நாய் இருக்கு, கேட்டு இருக்கு, இந்தா செருப்பு கூட கெடக்கு. குட்டி மட்டும் இல்லேங்கிய?"

செருப்பு உண்மையில் படிக்கட்டு ஓரத்தில்தான் கிடந்தது. கணவர் கப்பலிலிருந்து வரும்போது மட்டும் போடுகிற செருப்பு. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. எனக்குக் கோபமும் வெட்கமும் சேர்ந்து வந்தது. ஆனால் அந்த மடித்துப் போட்ட சேலையைப் பார்த்தபிறகு அவரை விரட்ட மனம் வரவில்லை.

மறுபடி எழுதினேன். 'பணம் வாங்கினவனுக்கு இப்போதே செய்தி அனுப்புங்கள். வாசலில் நிற்கிறேன் என்று.'

ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடி அனுப்பினார். பதில் உடனே வந்தது. 'நானும் வீட்டில்தான் இருக்கிறேன் சார். உள்ளே டாக்டர் குட்டிக்கு ஊசி போடுகிறார். இப்போது கதவைத் திறக்கக் கூடாது. பாக்கியை அனுப்பிவிடுங்கள், இரண்டு நிமிடத்தில் குட்டியோடு வெளியே வருகிறேன்.'

எங்கள் வீட்டுக் கதவு அகலத் திறந்து கிடந்தது. அவர் என் கைகளைப் பார்த்தார். அதற்குள் நான் மறுபடி நாயின் பக்கம் திரும்பியிருந்தேன்; ஒன்றில் சோப்பு, இன்னொன்றில் தண்ணீர்க் குவளை, போன் இல்லை. பிறகு திறந்திருந்த கதவைப் பார்த்தார். நான் கேட்டைத் திறந்து, உள்ளே போய்ப் பாருங்கள் என்று கையைக் காட்டினேன். வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். ஹால், அடுக்களை, பின்வாசல் எல்லாம் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து படியில் உட்கார்ந்தார். நாய் பக்கத்தில் வந்து உடம்பைச் சிலுப்பி அவருடைய வெள்ளைச் சட்டையையெல்லாம் நனைத்தது. அவர் நகரவில்லை.

"பேசிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்லா யம்மா" என்றார். இவ்வளவு மெதுவாகவும் அவரால் பேச முடியும் என்று அப்போதுதான் தெரிந்தது. "கொரலக் கேட்டா ஆளு எப்பிடின்னு பிடிபட்டிரும். எழுத்துல ஒண்ணும் தெரியல."

காபி போட்டுக் கொடுத்தேன். குடித்துக்கொண்டே அவராகவே சொன்னார். திரேஸ்புரத்துக்காரர். சங்கு குளிக்கிற வேலை. ஒரு நாள் சளியோடு கடலுக்குள் இறங்கியதில் ஒரு காது முற்றிலும் போய்விட்டது. இன்னொன்றில் யாரோ தூரத்தில் பாத்திரம் உருட்டுவதுபோல் ஏதோ கேட்கும், அவ்வளவுதான். இனி தண்ணீருக்குள் போகக் கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டார். மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. மனைவி விடியுமுன் மீன் ஏலத்துக்குப் போய், வாங்கி விற்று, வீடு வரப் பிற்பகல் ஆகிவிடும். அதுவரை இவர் தனியாக.

"கேஸ்காரன் வாரான், தட்டிப் பாத்துட்டுப் போயிருதான். ஒரு நா குக்கரு எரிஞ்சு கருகிப் போச்சு, நான் அதுக்கு முதுகக் காட்டி உக்காந்து பேப்பரு படிச்சிட்டிருக்கேன். ஒரு நாயி இருந்தா அது எந்திரிச்சு நிக்கும்லா? அது எந்திரிச்சா நானும் எந்திரிப்பேன். வேற ஒண்ணுமில்ல."

அந்தச் செய்திகளை மேலிருந்து கீழ்வரை படிக்கத் தந்தார். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் இருபது வருடத்துக்கு மேலாக ஆவணம் பார்க்கிறவள் நான். கப்பலில் வருகிற மரத்தடியையும் முந்திரிக்கொட்டையையும் வாங்குகிறவர் கண்ணால் பார்க்குமுன் நான் காகிதத்தில் பார்த்துவிடுவேன். அந்தப் பழக்கத்தில் படித்தேன். பணம் எப்போது அனுப்புகிறீர்கள், இன்னும் இரண்டு பேர் கேட்கிறார்கள், இன்று மட்டும்தான் இந்த விலை. திரும்பத் திரும்ப இதேதான். 'உங்கள் வீட்டில் யார் இருக்கிறார்கள்', 'இதற்கு முன் நாய் வளர்த்திருக்கிறீர்களா' என்று ஒரு கேள்விகூட இல்லை.

குட்டிகளைக் கொடுக்கும்போது நான் கேட்ட கேள்விகளுக்கு அலுவலகத்தில் என்னைக் கேலி செய்தார்கள். மொட்டை மாடியில் கட்டிப்போடுவீர்களா, பகலில் யார் பார்ப்பார்கள், ஊருக்குப் போனால் எங்கே விடுவீர்கள் என்று பெண்பார்க்க வந்தவர்களிடம் கேட்பதுபோல் கேட்டிருந்தேன். பெற்று வளர்த்த வீட்டில் யாரும் கேட்காமல் கொடுக்க மாட்டார்கள். இதை அவருக்கு எழுதிக் காட்டினேன். தலையை ஆட்டினார்.

'தெருவில் எவ்வளவோ குட்டி கிடக்கிறது. ஒன்றைத் தூக்கிவந்து வளர்க்கலாமே?' என்று எழுதினேன்.

"வளக்கலாம்" என்றார். "இந்தக் குட்டிக்குப் பேரு வச்சிட்டேன் யம்மா." செருப்பில் தூங்குகிற அந்தக் குட்டியின் படத்தைக் கட்டைவிரலால் பெரிதாக்கிக் காட்டினார். "இது இப்ப எங்கன இருக்கு?"

'பெரிய நாயாகிவிட்டது. திருச்செந்தூரில் ஒரு வீட்டில் நன்றாக இருக்கிறது' என்று எழுதினேன்.

அது பொய். ஐந்து குட்டிகள்தான் நல்ல வீடுகளுக்குப் போயின. செருப்பில் தூங்கியது எங்களிடமே இருந்து, மூன்றாவது மாதத்தில் வயிற்றுப்போக்கு வந்து மூன்றே நாளில் போய்விட்டது. பின்வாசல் முருங்கைக்கு அடியில் புதைத்தேன். அதன் படத்தை வைத்துத்தான் எவனோ பணம் சம்பாதிக்கிறான் என்பது அன்று முழுக்க என்னைப் பிடுங்கித் தின்றது. ஆனால் ஒரே காலையில் அந்த மனிதருக்கு இரண்டு அடி கொடுக்க என்னால் முடியவில்லை.

போலீசுக்குப் போகலாம் என்று எழுதினேன். ஒரேயடியாக மறுத்துவிட்டார். "வீட்டுல தெரிஞ்சா அவ முகத்துல முழிக்க முடியாது." கடைசியில் என் படத்தைத் திருடியதாக நானே என் பெயரில் இணையத்தில் புகார் பதிந்தேன். சில நாளில் அந்த எண் அணைந்துபோனது. பணம் திரும்ப வரவில்லை.

காலியான மீன் பெட்டியோடு அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனதைப் பார்த்தபோது, இத்தோடு விட்டுவிடுவார் என்று நினைத்தேன். இரண்டு வாரம் கழித்து எங்கள் அலுவலக வாசலில் வந்து நின்றார். இந்த முறை ஒரு காகிதத்தோடு.

இன்னொரு விளம்பரம், பெங்களூரில் இன்னொருவன். குட்டியை விமானத்தில் ஏற்றிவிட்டானாம், அது நம் வாகைக்குளம் விமான நிலையத்துக்கு வந்துவிட்டதாம். கூண்டுக்குத் தனிக் கட்டணம் கட்டினால்தான் வெளியே விடுவார்களாம். அத்தாட்சியாக ஏர்வே பில் ஒன்றையும் அனுப்பியிருந்தான். விமானத்தில் போகும் சரக்குக்கான ரசீது அது. இவர் அதைக் கடையில் அச்செடுத்துக்கொண்டு வந்திருந்தார்.

"இன்னும் பணம் அனுப்பல. ஒங்ககிட்ட காட்டிட்டு அனுப்பலாம்னு வந்தேன்" என்றார். அவர் அப்படிச் சொன்னது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொல்ல முடியாது.

அந்தக் காகிதம் பார்க்க அழகாகவே இருந்தது. முத்திரை, கையெழுத்து, நாய்ப் படம் எல்லாம் இருந்தன. ஆனால் எண்ணின் கடைசி இலக்கம் எட்டு. ஏர்வே பில் எண்ணில் முதல் மூன்று இலக்கம் விமானக் கம்பெனிக்கு. அடுத்த ஏழையும் ஒரே எண்ணாக வைத்து ஏழால் வகுத்தால் என்ன மீதி வருகிறதோ அதுதான் கடைசி இலக்கம். ஏழால் வகுத்தால் மீதி ஆறுக்கு மேல் போகாது. எட்டில் முடிகிற ஏர்வே பில் இந்த உலகத்தில் கிடையாது. கால்குலேட்டரை எடுத்து அவர் முன்னால் போட்டுக் காட்டினேன். அவரும் வாங்கிப் போட்டுப் பார்த்தார். வேறு வேறு எண்களைப் போட்டு நாலைந்து தடவை பார்த்தார்.

"ஒத்த நம்பர்ல மாட்டிக்கிட்டானே!" என்று அவர் போட்ட சத்தத்தில் எங்கள் மேனேஜர் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

எல்லோரும் ஏர்வே பில் அனுப்ப மாட்டார்களே. அதனால் இன்னொரு வழியும் எழுதிக் கொடுத்தேன். குட்டி பக்கத்தில் ஒரு எவர்சில்வர் டம்ளரை வைத்து வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். குட்டி கையில் இருக்கிறவனுக்கு அரை நிமிட வேலை. திருடிய படத்தை வைத்திருக்கிறவனுக்கு டம்ளரைக் கொண்டுபோய் வைக்க வழியில்லை.

இது அவருக்கு ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. பகலெல்லாம் வீட்டில் உட்கார்ந்து விளம்பரங்களைத் தேடி எல்லோரிடமும் டம்ளர் கேட்டார். ஒருவன் உடனே தொடர்பைத் துண்டித்தான். ஒருவன் பழைய வீடியோவையே மூன்று தடவை அனுப்பினான். ஒருவன் கெட்ட வார்த்தையில் திட்டினான். எல்லாவற்றையும் எனக்கு அனுப்பிவைத்தார். 'இவனும் டம்ளர் இல்லாதவன்' என்று கீழே ஒரு வரி வேறு. நானும் சிரித்துப் பதில் போடுவேன். அப்போது என் கணவர் கப்பல் ஏறி ஐந்தாவது மாதம். சாப்பாட்டு நேரத்தில் போன் சிணுங்குவது எனக்கும் பிடித்திருந்தது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு சாயங்காலம் நான் அலுவலகத்திலிருந்து வரும்போது கேட்டருகே ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். கழுத்தில் செபமாலை, இடுப்பில் சொருகிய சேலை, பக்கத்தில் காலி அலுமினியச் சட்டி. என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"நீங்கதான் எம் புருசனுக்குப் பொழுதன்னைக்கும் எழுதிட்டு இருக்கியளா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் குரல் உயரவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

"அவியளுக்குக் காது போனதுல இருந்து எங்கிட்டயே நாலு வார்த்த பேசதில்ல. இப்ப போனப் பாத்துச் சிரிக்காவ. கேட்டா ஒண்ணுமில்லேங்காவ. எனக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பிள்ளைட்ட குடுத்துப் படிக்கச் சொன்னேன். டம்ளர் டம்ளருன்னு போட்டிருக்குங்கா. அது என்ன டம்ளரு?"

சிரிக்கக் கூடாத நேரம். ஆனால் சிரித்துவிட்டேன். அவள் முகம் கறுத்ததும் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். அவர் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டதை மீறித்தான் ஆக வேண்டியிருந்தது. நீலக் கேட்டைத் தேடி வந்தது, மீன் பெட்டியில் மடித்துப் போட்டிருந்த சேலை, எல்லாம் சொன்னேன்.

பணம் போனதைச் சொல்லும்போது அவள் கண்ணை ஒரு தரம் மூடித் திறந்தாள். அவ்வளவுதான். குக்கர் கருகியதையும், கதவு தட்டுவது கேட்காமல் அவர் உள்ளே உட்கார்ந்திருப்பதையும் சொன்னபோதுதான் அழுதாள்.

"நான் ஏலத்துல இருந்து வந்து தட்டுவேன். தெறக்க நேரமாவும். தூங்குதாவன்னு நெனச்சு ஏசுவேன் யக்கா. கேக்கலேன்னு ஒரு வார்த்த சொல்லலியே. கொஞ்சம் கேக்கும், கொஞ்சம் கேக்கும்னே சொல்லிட்டு இருந்தாவ."

நாய் அவள் சட்டியை முகர்ந்து நக்கிக்கொண்டிருந்தது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு அதன் தலையைத் தடவினாள். "இந்த மாதிரிக் குட்டி எங்கன கெடைக்கும்?" என்றாள்.

அதன்பிறகு மூன்று பேராகத் தேடினோம். நாகர்கோவிலில் தையல் கடை வைத்திருக்கும் ஒரு பெண் போட்ட விளம்பரம் கண்ணில் பட்டது. அதில் விலை இல்லை. 'எங்கள் வீட்டு நாய் ஆறு குட்டி போட்டிருக்கிறது. நல்ல வீடு இருந்தால் சொல்லுங்கள்' என்று மட்டும் இருந்தது. வழக்கம்போல இவர் டம்ளர் கேட்டார். பத்து நிமிடத்தில் வீடியோ வந்தது. தையல் மிஷினுக்கு அடியில் ஒரு டம்ளர். ஒரு கறுப்புக் குட்டி அதற்குள் மூக்கை விட்டு மாட்டிக்கொண்டு, டம்ளரோடு தரையில் உருண்டது. பின்னாலிருந்து அந்தப் பெண்ணின் சிரிப்பு. கீழே ஒரு கேள்வி: 'டம்ளர் எதுக்கு?'

அவர் அதை எனக்கு அனுப்பிவிட்டு, கீழே ஒன்றும் எழுதவில்லை. சாயங்காலம் புருஷனும் பெண்டாட்டியுமாக என் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். என் போனிலிருந்து வீடியோவில் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டோம். தாய் நாயைக் காட்டினாள். குட்டிகளின் தடுப்பூசி அட்டையைக் காட்டினாள். முன்பணம் ஏதாவது அனுப்பட்டுமா என்று நான் சும்மா கேட்டுப் பார்த்தேன்.

"அதெல்லாம் வேண்டாம். நேர்ல வாங்க. குட்டிய நீங்க பாருங்க, உங்கள நான் பாக்கணும்" என்றாள். பிறகு கேட்க ஆரம்பித்தாள். வீடு எப்படி, வாசலில் வண்டி போகுமா, பகலில் யார் இருப்பார்கள். நான் ஒவ்வொன்றையும் எழுதிக் காட்ட, அவர் உரத்துப் பதில் சொன்னார். காது கேட்காது என்று தெரிந்ததும் அவள் கொஞ்சம் தயங்கினாள்.

"தப்பா நெனைக்காதீங்க. தாயை விட்டுப் பிரிஞ்ச குட்டி ராத்திரி அழும். அவருக்குக் கேக்காதே. அது அழுதா யாரு எழுந்திரிப்பா?"

எழுதக் கை வரவில்லை எனக்கு. ஆனாலும் அப்படியே எழுதிக் காட்டினேன். அவர் படித்துவிட்டு என்னைப் பார்க்கவில்லை. போனுக்குள் இருந்த அந்தப் பெண்ணைப் பார்த்துச் சொன்னார்.

"கைய அது மேல வச்சிட்டுப் படுப்பேன் யம்மா. அழுதா வயிறு அதிரும்லா. கையில தெரிஞ்சிரும்."

அவர் மனைவி சட்டென்று போனுக்கு முன்னால் தலையை நீட்டி, "நானும் இருக்கேன் யக்கா. எனக்கு ரெண்டு காதும் நல்லாக் கேக்கும்" என்றாள்.

"ரெண்டு வாரம் கழிச்சு வாங்க. தாய்ப்பால் மறக்கட்டும்" என்றாள் நாகர்கோவில்காரி.

இரண்டாவது சனிக்கிழமை எனக்கு விடுமுறை. மூவரும் பஸ் ஏறினோம். மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்ததும் தூங்கிப்போனாள். தினமும் விடியுமுன் எழுகிற உடம்பு. திருச்செந்தூர் வந்ததும் அவர் என் தோளைத் தொட்டு, "இந்த ஊருலதான அந்தக் குட்டி இருக்கு? திரும்பி வரும்போது ஒரு எட்டு போய்ப் பாப்பமா?" என்றார்.

இதற்கு மேல் பொய்யைத் தூக்கிக்கொண்டு போக முடியாது என்று தோன்றியது. போனை எடுத்து நடந்ததை எழுதினேன். முருங்கை மரத்தையும் எழுதினேன். அன்றைக்குச் சொல்ல மனம் வரவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றும் எழுதினேன். பஸ் ஆடிய ஆட்டத்தில் எழுத்தெல்லாம் பிழை.

படித்தார். போனைத் திருப்பித் தந்தார். பிறகு அந்தக் குட்டிக்கு வைத்திருந்த பேரை ஒரு தரம் மெதுவாகச் சொன்னார். அது வரைக்கும் என்னிடம் அவர் சொன்னதில்லை. அதை இங்கே எழுதப் போவதில்லை. உவரி தாண்டியதும் அவர் பையிலிருந்து ஒரு பொரிகடலைப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து என் பக்கம் நீட்டினார்.

நாகர்கோவில் வீடு வீடியோவில் பார்த்த அதே வீடுதான். அதே தையல் மிஷின், தாய் நாய், ஆறு குட்டிகள். அந்தப் பெண் எங்களுக்குக் கருப்பட்டிக் காபி கொடுத்தாள். இவர் தரையில் உட்கார்ந்து குட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். பிறகு மனைவியிடம், "நீ பின்னால போய் நின்னு கையத் தட்டு. எது திரும்புதுன்னு பாக்கணும்" என்றார்.

நாங்கள் யாரும் யோசிக்காத விஷயம். அவள் ஒவ்வொரு குட்டிக்கும் பின்னால் குனிந்து கைதட்டினாள். ஐந்து குட்டிகள் திரும்பின. தட்டில் பால்சோறு தின்றுகொண்டிருந்த ஒன்று மட்டும் திரும்பவே இல்லை. அவர் முகம் வாடிவிட்டது.

"இன்னொரு தரம் தட்டு. நல்லாத் தட்டு."

"அது திங்குது. எப்பிடித் திரும்பும்? நீங்க திங்கும்போது காது கேட்ட காலத்துலயே நான் கூப்ட்டாத் திரும்ப மாட்டியளே!" என்று அவள் அவர் முகத்துக்கு நேராக வந்து உதட்டை அசைத்துச் சொன்னாள்.

அவருக்குப் புரிந்துவிட்டது. வாய்விட்டுச் சிரித்தார். அப்படி அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எல்லாவற்றுக்கும் முதலில் திரும்பிய ஒரு பழுப்புப் பெண் குட்டியைத் தேர்ந்தெடுத்தார். ஆனால் கிளம்புமுன், தின்று முடித்திருந்த அந்த மற்றக் குட்டியின் பின்னால் தானே போய்க் கைதட்டிப் பார்த்தார். அது திரும்பி அவரைப் பார்த்தது. "கேக்குது, கேக்குது" என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டுத்தான் செருப்பைப் போட்டார். குட்டிக்கு அவள் வாங்கிக்கொண்டது தடுப்பூசிச் செலவை மட்டும்தான். பஸ் நிலையம்வரை கூடவே வந்தாள். பஸ் நகரும்போது கூட ஜன்னல் வழியாக ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள். சோற்றில் உப்புப் போடாதீர்கள் என்றுதான் என் காதில் விழுந்தது.

திரும்பி வரும் வழியில் குட்டிக்குப் புதுப் பேர் வைத்தார்கள். மனைவி வைத்த பேர் அது.

அது ஒரே நாளில் கெட்டிக்கார நாயாகிவிடவில்லை. முதல் மாதம் கதவை யாராவது தட்டினால் வாசலுக்கு ஓடிக் குரைத்தது. அவருக்கு எங்கே கேட்கிறது? அவள்தான் பழக்கினாள். தினமும் மீன் விற்று வந்ததும் வெளியே நின்று தட்டுவாளாம். குட்டி ஓடிப்போய் அவர் காலைத் தொட்டால்தான் ஒரு துண்டு மீன். குரைத்தால் கிடையாது. மூன்று மாதத்தில் அதற்குப் பிடிபட்டுவிட்டது. இப்போது கேஸ்காரன் வந்தாலும், குக்கர் விசில் அடித்தாலும், அடுத்த வீட்டுப் பூனை வந்தாலும் போய் அவர் இடுப்பில் கட்டியிருக்கும் சாரத்தைப் பிடித்து இழுக்கிறது. பூனைக்கும் எழுந்து போய்ப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்.

கிறிஸ்துமசுக்கு முந்தைய வாரம் திரேஸ்புரத்துக்கு என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். என் கணவரும் அப்போது ஊரில் இருந்தார். நாங்கள் போனபோது அண்ணாச்சி காதில் புதிதாக ஒரு மிஷின். மனைவி ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போய் வாங்கிக் கொடுத்திருக்கிறாள். அன்றுதான் முதல் நாள். யார் பேசினாலும் திடுக்கிட்டுத் திரும்பினார். என் கணவரைப் பார்த்து நாய் குரைக்க ஆரம்பித்தது. அண்ணாச்சி இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார்.

"ஏளா, இதுவா இப்பிடிக் கத்துது? இவ்வளவு நாளும் இப்பிடியா கத்திட்டு இருந்துச்சு?"

"பின்ன? தெருவே ஏசுது. நீங்கதான் தங்கமான நாயி, வாயே தெறக்காதுன்னு எல்லார்ட்டயும் சொல்லிட்டு அலையுதிய."

அவர் நாயை ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மிஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவள் ஏசிக்கொண்டே இலையைப் போட்டாள். நாங்கள் சாப்பிட உட்கார்ந்தோம்.